கோல் போஸ்ட்டுக்கு முன்னால் கொட்டிய தேங்காய் நார்

அனுப்புநர்:
பே. சோணை,
ஷேர் ஆட்டோ ஓட்டுநர்,
கிழக்குத் தெரு, அவனியாபுரம், மதுரை.

பெறுநர்:
உதவி ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி மண்டல அலுவலகம், மதுரை.

பொருள்: விளையாட்டுத் திடலில் இருந்து குப்பை என்று அள்ளிச் செல்லப்பட்ட தேங்காய் நாரைத் திரும்பத் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

1. எங்கள் தெருப் பெண் செல்வி சி. தமிழ்வாணி, கேரளத்துக் கிளப் ஒன்றில் சம்பளத்துக்கு ஆடும் கால்பந்து கோல்கீப்பர். போன மாதம் அவர் பெனால்டியைப் பாய்ந்து தட்டியதை ஆரப்பாளையம் டீக்கடை டிவியில் பார்த்துக் கத்தியதில் எனக்குச் சவாரியே போயிற்று. போகட்டும். அவர் தம் சம்பளத்தில் எங்கள் பகுதிப் பெண்பிள்ளைகளுக்கு பூட்ஸ், கையுறை வாங்கித் தந்து, ஊருக்கு வரும்போதெல்லாம் இலவசமாகப் பயிற்சியும் தருகிறார். என் மகள் கனகாவும் அவரிடம் கோல்கீப்பிங் கற்கிறாள்.

2. கோல்கீப்பர் என்றால் பாய்ந்து விழ வேண்டும். எங்கள் திடலோ சரளைக்கல். தமிழ்வாணியின் முழங்கைகளில் அதன் தழும்பு இன்றும் இருக்கிறது. ஆகவே, ஜல்லிக்கட்டில் மாடுபிடிப்பவர்களுக்கு அடிபடாமல் இருக்கக் கொட்டிய நாரை விழாக்குழுவிடம் கேட்டு வாங்கி, என் ஆட்டோவில் நடைநடையாக ஏற்றி வந்து கோல் போஸ்ட்டுக்கு முன் பரப்பினார். அன்று சாயங்காலம் என் மகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் அம்மா. இந்தப் பக்கம் பாய்கிறாள், அந்தப் பக்கம் பாய்கிறாள், விழுந்து சிரித்துக்கொண்டே எழுகிறாள்! எனக்குப் புல்லரித்துவிட்டது.

3. சென்ற சனிக்கிழமை குப்பை ஒப்பந்தக்காரரின் ஆட்கள் அதை லாரியில் அள்ளிப் போய்விட்டார்கள். அவர்கள்மேல் கோபம் இல்லை என்று எழுதச் சொன்னார் தமிழ்வாணி. எனக்கு உண்டு. சாணி வாடை அடித்தது உண்மைதான். அதற்காக ஒரு வார்த்தை கேட்காமல் அள்ளுவதா? நார் ரிங் ரோட்டில் அவர்கள் கொட்டகையில் அப்படியே கிடப்பதை நேற்றும் பார்த்தேன். கேட்டால், அதிகாரி உத்தரவு வேண்டும் என்கிறார்கள்.

4. வரும் பிப்ரவரி 8 அன்று தமிழ்வாணியின் கிளப் பயிற்சியாளர் ஜூனியர் அணிக்கு ஆள் எடுக்கத் திருப்பரங்குன்றம் வருகிறார். என் மகள் பெயரும் இருக்கிறது! ஆனால், "இந்தத் தரையில விழுகாத பாப்பா, கை போயிரும்" என்று தமிழ்வாணி அவளைத் தடுத்துவிட்டார். நேற்று அவள் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, பந்துகள் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏற்றுகூலி வேண்டாம், வண்டியும் என்னுடையது. உத்தரவு மட்டும் கொடுங்கள். பிள்ளை விழுந்துவிடக் கூடாதே என்றுதான் எந்தத் தகப்பனும் கேட்பான். நான் என் மகள் விழ வேண்டும் என்று கேட்டு நிற்கிறேன் அம்மா.

இடம்: அவனியாபுரம்
நாள்: 27.01.2026

இப்படிக்கு,
பே. சோணை
(கனகாவின் தகப்பன்)