செரிக்காத பச்சை

என் கைகளில் இன்னும் வினிகர் மணக்கிறது. உன் கல்லறையிலிருந்து இப்போதுதான் வந்தேன்.

நாளை உன் மூன்றாம் ஆண்டுத் திதி. பிராங்பேர்ட்டிலிருந்து சொந்தக்காரர்கள் வருகிறார்கள். நான் போனபோது உன் அம்மா முழங்காலிட்டு, வினிகர் கலந்த வாளியும் பிரஷுமாய், உன் மணற்கல்லைத் தேய்க்கத் தொடங்கியிருந்தார். கல் முழுக்கப் பாசி.

"விடுங்கம்மா, ப்ளீஸ். அவளுக்குப் பிடிச்சதே இதுதான்."

"ஊத்தை ஆருக்கும் பிடிக்குமே பிள்ளை? நாளைக்குச் சனம் பாத்தா, தாய் கவனிக்கேல்லை எண்டெல்லோ கதைப்பினம்."

ஊத்தை. பாசியை அழுக்கு என்றதைக் கேட்டிருந்தால் எழுந்து வந்திருப்பாய்.

டிரெஸ்டன் ஆய்வுக்கூடத்தில் நம் இருவருக்கும் ஒரே மேசை. கண்ணாடித் தட்டுகளில் பாசி வளர்த்தோம். உனக்கு இங்கேயே பிறந்தவளின் ஜெர்மன். எனக்குத் திருச்சியிலிருந்து கொண்டுவந்த ஆங்கிலம். ஒரு மதிய உணவின்போது யாரோ உன்னைப் பாராட்டினார்: நீங்கள் முழுக்க ஜெர்மன்காரி, வித்தியாசமே தெரியவில்லை. நீ சிரித்தபடி என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாய்.

"விழுங்கினவை, ஓம். செமிக்கேல்லை."

விழுங்கினார்கள், செரிக்க முடியவில்லை. இலையின் பச்சையைப் பற்றியும் நீ எப்போதும் சொல்வது அதுதான். ஆதியில் ஓர் உயிரணு ஒரு பச்சை நுண்ணுயிரை விழுங்கியது. செரிக்கவில்லை. உள்ளே போனது சாகவுமில்லை. அங்கேயே தங்கி வெயிலை உணவாக்கியது. இன்றும் ஒவ்வோர் இலைக்குள்ளும் இருக்கிறது, தன் சொந்த மரபணுக்களில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்காமல். அந்தப் பச்சையைச் சுமந்த பாசிகள்தான் வேர்கூட இல்லாமல் நீரிலிருந்து வெறும் பாறைமேல் ஏறின. பாறை மெல்ல மண்ணானது. நாம் மிகவும் பிந்தி வந்தவர்கள், அவை விட்ட மூச்சில் உயிர்வாழ.

"ஆரிட்டையும் கேட்டு ஏறேல்லை," என்பாய்.

மருத்துவமனையில் ஆறுதல் சொல்ல வந்த உறவினர் ஒருவர், "நல்ல இடத்துக்குப் போறாய் பிள்ளை," என்றார். உனக்குக் குரல் போய்க்கொண்டிருந்தது. "இல்லை. இங்கதான் கிடப்பன்," என்றாய்.

இதையெல்லாம் இன்று உன் அம்மாவிடம் சொன்னேன். பிரஷ் பிடித்த அவர் கையை நானும் பிடித்திருந்தேன். மரியாதை இல்லைதான். விடவில்லை.

"குளியலறைச் சுவரிலை பிடிச்சதையே துடைக்க விடமாட்டாள், மூதேவி."

சிரித்தார். பிறகு அழுதார். பிறகு என் கையை விலக்கி, உன் பெயரின் எழுத்துகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தேய்த்தார்.

"பேர் தெரிய வேணும். அது நான் வச்ச பேர்."

வாளியை அவர் பக்கம் நகர்த்தினேன். நீயும் அதையே செய்திருப்பாய். மற்ற இடமெல்லாம் பச்சை அப்படியே நின்றது.

"நாளைக்கு வர்றவங்க கேட்டா?"

"கேக்கட்டும். என்ர பிள்ளையின்ர கல்லு."

வாளியையும் பிரஷையும் நான் வீட்டுக்குத் தூக்கிவந்துவிட்டேன். நாளை யாருக்காவது உன்னைச் சுத்தப்படுத்தத் தோன்றினால், நகத்தால்தான் சுரண்ட வேண்டும். நான் பக்கத்தில்தான் நிற்பேன்.