வாழப்பாடிக்குப் போன ரைடு

ஆகஸ்ட் 28, வியாழன்

நாளை சேலத்தில் எங்கள் மெட்டல் பாட்டு ரெக்கார்டிங். இன்று காலை என் டிரம் செட்டில் இருந்த தடித்த பித்தளைத் தட்டை, ரைடு சிம்பலை, வாழப்பாடி ஜெகனிடம் கொடுத்துவிட்டு, அவனுடைய மெல்லிய ரைடை மாற்றி வாங்கி வந்தேன். அவனும் டிரம்மர்தான். அவன் அறையில் தனியாகத் தட்டிப் பார்த்தபோது அவ்வளவு இனிமை. என்னுடையதை வெறும் தகரம் என்று நானே சொல்லிச் சிரித்தேன்.

சாயங்காலம் வீட்டில் வாசித்தேன். சட்னி அரைத்துக்கொண்டிருந்த என் மனைவி கவிதா மிக்ஸியை நிறுத்திவிட்டு வந்தாள். "ஏனுங்க, அடிக்கறீங்களா, சும்மா உக்காந்திருக்கறீங்களா? பழசுன்னா மிக்ஸியத் தாண்டி டிங் டிங்னு கேக்குமுங்க."

சுருக்கென்றது. நாளை இரண்டு கிடார் டிஸ்டார்ஷனில் கரகரவென்று கத்தப்போகிறது. மிக்ஸியிடமே தோற்றது அங்கே எப்படிக் கேட்கும்?

ஜெகனுக்குப் போன் போட்டேன். அவன் தங்கை எடுத்தாள். "அண்ணன் பேண்டோட வாசிச்சிட்டு இருக்கு. கூப்பிடட்டுமா?" பின்னாலிருந்த கிடார் இரைச்சலில் அவள் குரலே சரியாகக் கேட்கவில்லை. என் தகரம் மட்டும் அடி அடியாகக் கேட்டது.

வேண்டாம்மா, சும்மாதான் கூப்பிட்டேன் என்று வைத்துவிட்டேன்.

சும்மாவா?