யாழினி கேட்ட பச்சை டோனட்

என் மாலதிக் குட்டிக்கு,

ஒரு மாதமாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்கிறேன், எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன். உன் சுரேஷ் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். போன சனிக்கிழமை, கிள்ளானில், உன் வீட்டிலேயே விருந்து.

கோபமா? எனக்கு இருந்தது. நீ கண்ணை மூடி வருஷங்கள் ஆகின்றன, யாழினிக்கும் வீட்டில் ஓர் ஆள் வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். எல்லாம் சரிதான். சரியான விஷயம் ஏன் மனசுக்குள் இறங்க மறுக்கிறது?

சுரேஷ்தான் முதலில் போன் செய்தார். "அக்கா, யாழினி விருந்துக்கு வரமாட்டேங்குறா. ரூமை விட்டே வெளிய வரலை. நீங்க பேசிப் பாருங்களேன்." நான் வாய் திறப்பதற்குள் உன் மகளே அறைக் கதவைத் திறந்து அவர் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "பெரியம்மா, அம்மா செய்ற கிரீன் டீ டோனட் இருந்தா வரேன். இல்லன்னா இல்ல லா." வைத்துவிட்டாள்.

எண்ணெயில் பொரிக்காமல் ஓவனில் சுடுவாயே, அது. தீபாவளிக்கு நாங்களெல்லாம் முறுக்குப் பிழியும்போது நீ மட்டும் பச்சைப் பச்சையாக அடுக்கி வைத்து எங்களிடம் கேலி வாங்குவாய். நான் தின்றதோடு சரி. எப்படிச் செய்கிறாய் என்று ஒருநாளாவது கேட்டேனா?

இங்கே எங்கள் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெரு முழுக்க கிரீன் டீ தூள் தேடினேன். "டீ பேக்தான் இருக்கு அக்கா, வெட்டிக் கொட்டிக்கிறீங்களா?" என்றார் மளிகைக் கடைக்காரர். கடைசியில் கேக் சாமான் விற்கும் சீனர் கடையில் கிடைத்தது. முதல் மாவு உப்பவேயில்லை. பாலைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி ஈஸ்ட்டைக் கொன்றுவிட்டேன். அடுத்தது நன்றாக உப்பியது. ஓவனிலிருந்து எடுத்துப் பார்த்தால் பச்சை போய்க் காக்கியாகியிருந்தது. "ஸ்கவுட் பசங்க யூனிஃபார்ம் மாதிரி இருக்கே" என்றார் உன் அத்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விருந்துக்கு முந்தைய நாள் காலையில் கதவு தட்டும் சத்தம். கை நிறைய மாவோடு போய்த் திறந்தேன். கவிதா. சுரேஷ் கட்டிக்கொள்ளப்போகிற பெண்.

"உள்ள வரலாமாக்கா?"

"எப்படிச் செய்றதுன்னு கேக்க வந்தீங்களா?" என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இல்லக்கா. அது அவங்களோடது. நான் கத்துக்க வரலை. நீங்க ஒத்தையா கிடந்து அல்லாடுறீங்கன்னு அவர் சொன்னாரு. மாவு சலிச்சுத் தரேன், பாத்திரம் கழுவித் தரேன். அவ்வளவுதான்."

திருப்பி அனுப்பியிருக்க வேண்டுமா? சொல்லேன். நான் அனுப்பவில்லை.

அவள் சலித்தாள், கழுவினாள், அதிகம் பேசவில்லை. டோனட்டை ஓவனில் வைக்கும்போது மட்டும், "சூட்டைக் குறைச்சு, மேல ஃபாயில் மூடிப் பாப்போமாக்கா?" என்றாள். மூடினோம். இருவரும் குனிந்து ஓவன் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் தோள் என் தோளில் இடித்தது. நான் விலகவில்லை மாலதி. அதை நினைத்தால்தான் இன்னும் மனசு அலைகிறது.

வெளியே வந்தது பச்சைதான். உன் பச்சை இல்லை, கொஞ்சம் மங்கல்.

மறுநாள் டோனட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். யாழினி அறையிலிருந்து வந்தாள். ஒன்றை எடுத்துக் கடித்தாள். வீடே அவள் வாயைப் பார்த்தது.

"அம்மா செய்றது மாதிரி இல்ல. கசக்குது பெரியம்மா."

எனக்கு முகம் செத்துப்போயிற்று. சுரேஷ் தரையைப் பார்த்தார். அவளோ அழுதுகொண்டே அதை முழுக்கத் தின்றாள். தின்றுவிட்டு இன்னொன்றை எடுத்தாள். கவிதா பக்கத்தில் வரவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள். உன் மகள் அந்த டம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எடுத்துக் குடித்தாள்.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை.

நேற்று யாழினி கூப்பிட்டாள். "தூளைக் குறைக்கணும், சீனி கொஞ்சம் கூட்டணும். ஞாயித்துக்கிழமை வரேன், சேர்ந்து செய்வோம். கவிதா ஆன்டி கார்ல கொண்டுவந்து விடுவாங்க." ஆன்டி என்று அவள் சொன்னது உனக்கு வலிக்கிறதா? எனக்கு வலித்தது. போனை வைத்த பிறகு நிம்மதியாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படித்தான் இருக்கின்றனவோ.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் மகளை மட்டும் உள்ளே கூப்பிட்டு, அந்தப் பெண்ணைக் காரில் காக்கவைக்க மாட்டேன். மூவரும் ஒரே மேசையில் மாவு பிசைவோம். அவள் இருக்கிறாளே என்று உன் பேரை விழுங்காமல், அங்கே சத்தமாகவே சொல்வேன்.

உன்னை இடுப்பில் சுமந்து திரிந்த அக்கா,
சரோஜா