பௌர்ணமியன்று வடியும் ஆறு

கேட்ஸ்ஹெட்
12 ஜனவரி 1882

அன்புள்ள பார்பரா,

நலம். உன் நலமும் உன் தங்கை நலமும் அறிய ஆவல். நீ ஷீல்ட்ஸுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. தங்கைக்குக் கால் குணமாகிவிட்டதாக இங்கே எல்லோரும் சொல்கிறார்கள், நீதான் சொல்லவில்லை.

கப்பல் முதலாளி ஹெட்லி, நான் வரைந்த டைன் ஆற்றுப் பௌர்ணமிப் படத்தைச் சாப்பாட்டு அறையில் மாட்டிவிட்டார். அதேபோல இன்னும் மூன்று வேண்டுமாம். அதே முழுநிலா, அதே கரைதொட்ட தண்ணீர், கோபுரக் கடிகாரத்தில் அதே ஒன்பது மணி.

நேற்று ஒன்றைச் சன்னலோரம் காய வைத்திருந்தேன். படகோட்டி நெட் தெருவில் நின்று பார்த்துவிட்டு, “ஏன் அய்யா, ஒம்பது மணிக்கு ஆத்துல இவ்ளோ தண்ணியா? வாளியில மொண்டு ஊத்துனீங்களா?” என்றான். உன் ஞாபகம் வந்தது.

கஞ்சி தினமும் அடிப்பிடிக்கிறது. எப்போது வருகிறாய்?

உன்
கத்பர்ட்

•

நார்த் ஷீல்ட்ஸ்
17 ஜனவரி 1882

அன்புள்ள கத்பர்ட்,

கஞ்சியை அடுப்பில் வைத்துவிட்டு வானம் பார்க்கப் போனால் அடிப்பிடிக்காமல் என்ன செய்யும்? பக்கத்தில் நின்று கிண்டுங்கள்.

தங்கை மாடிப்படி ஏறி இறங்குகிறாள். அதை எழுதாதது என் தவறு. நான் இங்கே இருப்பது அவளுக்காக அல்ல.

பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்த வருடங்களில், ஏழும் எட்டும் பதினான்கு என்று எழுதும் பிள்ளையிடம் தப்பு என்று நான் சொன்னதே இல்லை. பட்டாணியைக் கொட்டி, “இன்னொரு தரம் எண்ணிப் பாரு கண்ணு” என்பேன். மே மாதம் ஹெட்லி வீட்டு விருந்தில் நீங்கள் அந்தப் படத்தைக் காட்டியபோதும் அதைத்தான் செய்தேன். நம் ஆற்றில் பௌர்ணமியன்று பிற்பகல் நான்கு மணிக்குத் தண்ணீர் நிரம்பும். இரவு ஒன்பதுக்குச் சேறு தெரியும். எந்த மாதத்துப் பௌர்ணமியானாலும் இதே கணக்குத்தான். கடல் ஏறி இறங்குவதை யார் மாற்ற முடியும்? படகுக்காரர் மகளான எனக்கு அது வாய்ப்பாடு மாதிரி. “அந்தக் கடிகாரத்த ஒரு தரம் பாருங்களேன்” என்று மட்டும் சொன்னேன்.

“பள்ளிக்கூடத்த வீட்லயே விட்டுட்டு வரக்கூடாதா பார்பரா?” என்றீர்கள். மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். கடைசியாகச் சிரித்து ஓய்ந்தது நீங்கள்தான்.

படத்தில் தண்ணீர் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். கண்ணால் கண்டதைச் சொன்னால் கேலி கிடைக்கும் வீட்டில் எனக்கு என்ன வேலை? அதற்குப் பதில் எழுதுங்கள், வருகிறேனா இல்லையா என்று பிறகு பார்க்கலாம்.

புகையில் வாட்டிய மீன் அனுப்பியிருக்கிறேன். சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

பார்பரா

•

கேட்ஸ்ஹெட்
12 பிப்ரவரி 1882

அன்புள்ள பார்பரா,

மன்னித்துவிடு என்று முதல் வரியில் எழுதி அடித்துவிட்டேன். எழுதுவது சுலபம். செய்ததைச் சொல்கிறேன்.

மூன்றாம் தேதி பௌர்ணமி. கடல்காற்று ஆலைப் புகையை மேற்கே தள்ளியிருந்தது. ஒன்பது மணிக்குப் படித்துறையில் போய் நின்றேன். தண்ணீர் நடுவில் ஒடுங்கிவிட்டது. படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. அந்தச் சேற்றில் பத்துப் பன்னிரண்டு பெண்கள், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கப்பலில் ஏற்றும்போது சிந்திய நிலக்கரியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சுற்றி ஈரச் சேறு முழுக்க நிலா. இருபது வருடமாக இவர்கள்மேல் தண்ணீரை ஊற்றி மூடியிருக்கிறேன், பார்பரா.

ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டாள். “தொப்பிக்காரய்யா, மேலேருந்து பாத்துக்கிட்டே இருந்தா கரி வந்து கூடையில குந்துமா? எறங்கி வாங்க.” இறங்கினேன். முழங்கால்வரை புதைந்தேன். இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

“நல்லா இழுடி.”

“எதுக்கு? கரின்னா வீட்டுக்குக் கொண்டுபோய் எரிக்கலாம். இவர வச்சு என்ன பண்றது?”

அதை வரையத் தொடங்கிவிட்டேன். வியாழக்கிழமை ஹெட்லி வீட்டில் விருந்து. அதே மேசை, அன்றைக்கு இருந்த அதே ஆட்கள். எழுந்து நின்று, “போன மே மாசம் என் மனைவி இங்க சொன்னதுதான் சரி. நான் சிரிச்சது கேவலம்” என்றேன். “உட்காருங்க, சூப் ஆறுது” என்றார் ஹெட்லி. கொண்டுபோயிருந்த சிறிய ஓவியத்தைக் காட்டினேன். “சேத்தப் பாத்துக்கிட்டே யாருக்குச் சோறு எறங்கும்?” என்றார். மூன்று படமும் இனி வேண்டாமாம்.

வருத்தம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது நன்றாகப் பசித்தது.

வருவாயா என்று கேட்க வாய் வரவில்லை.

கத்பர்ட்

•

நார்த் ஷீல்ட்ஸ்
20 பிப்ரவரி 1882

அன்புள்ள கத்பர்ட்,

உங்கள் கடிதத்தில் சேற்றில் புதைந்த இடத்தைத் தங்கைக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். மேசையருகே எழுந்து நின்ற இடத்தைப் படிக்க முடியவில்லை. மடித்து வைத்துவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். படத்தில் அந்தப் பெண்களைக் குனிந்து தேட வைத்திருக்கிறீர்களா? சேற்றுக்குள் கிடக்கும் கரியைக் கண்ணால் தேடமாட்டார்கள், கால்விரலால் தடவித் தேடுவார்கள். நிமிர்ந்து, பேசிக்கொண்டே நடப்பார்கள். கரி தட்டினால்தான் குனிவார்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பீர்கள். ஏழு வயதிலிருந்து அம்மாவோடு நானும் பொறுக்கியிருக்கிறேன். ஓவியர் மனைவிக்கு அது அழகல்ல என்று இத்தனை வருடம் உங்களிடம் மறைத்தேன். நீங்கள் தண்ணீரால் மூடினீர்கள் என்றால், நான் வாயை மூடிக்கொண்டு மூடினேன். இருவருக்கும் ஒரே மதிப்பெண்தான்.

அடுத்த பௌர்ணமி மார்ச் நான்கு, சனிக்கிழமை. பிற்பகல் வண்டியில் வருகிறேன். நானும் ஆற்றில் இறங்குவேன். அந்தப் பெண்கள் என்னவேண்டுமானாலும் சொல்லட்டும்.

இங்கே செவ்வாய்தோறும் மீன் உப்பிடும் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். அதை விடமாட்டேன். கேட்ஸ்ஹெட்டிலிருந்து காலையில் ஒரு வண்டி இருக்கிறதாம். வகுப்பை முடித்துக்கொண்டு இருட்டுவதற்குள் நம் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். நிலையத்தில் விசாரித்து வைத்திருக்கிறேன்.

உங்கள்
பார்பரா