ரோசலியின் போன் இன்னும் அடிக்கிறது

என் தங்கமே ரோசலி,

ஆண்டவர் பக்கத்தில் நிம்மதியாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். நீ மட்டும் இன்றைக்கு என் எதிரில் இருந்திருந்தால் பெரிய சண்டையே நடந்திருக்கும்.

காலையில் உன் முப்பதாம் நாள் பூசை. சாமியார் உன் பெயரைச் சொல்லி மன்றாடுகிறார். என் பைக்குள் உன் போன் அடிக்கிறது! நம் நெல்லித்தோப்பில் அந்த மணியைத் தெரியாதவர் யார்? முன்வரிசை முழுக்கத் திரும்பிவிட்டது. செத்தவளே கூப்பிடுவது போலிருந்தது எனக்கு. பேச ஆளில்லாத போனுக்கு எதற்கு ரீசார்ஜ் என்று இந்த மாதத்தோடு நிறுத்த இருந்தவள் நான். வெளியே ஓடிப் போய் எடுத்தேன்.

"சுகந்தியோட அம்மாங்களா?" ஓர் ஆண் குரல்.

"எந்த சுகந்தி? இது ரோசலி நம்பருங்க."

"அதாங்க, ரோசலி. சுகந்தி அம்மா. தவளக்குப்பம் மருந்து கம்பெனியிலேர்ந்து பேசறேன். வீட்டாளுங்க வந்து கையெழுத்துப் போட்டாத்தான் வேலையில வச்சிப்போம்னு அவகிட்ட எத்தினி வாட்டி சொல்றது? இன்னிக்கு வரலைன்னா பொண்ணு நாளைக்கு வர வேணாம்."

கல்யாணமே ஆகாத என் தங்கச்சிக்கு மகளா?

கோயில் தூணைப் பிடித்துக்கொண்டேன். மாதா மன்னிக்கட்டும். நீ திருச்சியில் ஆஸ்டலில் தங்கி வேலை பார்த்தாயே, அந்தக் காலம் வரைக்கும் போய் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தேன். வீட்டில் சாப்பாட்டுக்கு வந்தவர்களை மருமகளிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

கம்பெனி வாசலில், தலையில் கம்பெனித் தொப்பியோடு ஒரு பெண் காத்து நின்றிருந்தாள். இருபது வயது இருக்கும். உன் மூக்கு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இல்லை.

"சுகந்தியா? ரோசலிக்கு நீ யாருடி?"

"ரோசலி மிஸ்கிட்ட படிச்சேங்க. எங்கம்மா செத்துப் போனதுல ஒம்பதாவதோட நின்னுட்டேன். மிஸ்தான் பத்தாவது எழுத வச்சி, இங்க வேலைக்கு எழுதிப் போடச் சொன்னாங்க. ஃபாரத்துல அம்மா பேரு, நம்பரு கேட்டிருந்துச்சு. மிஸ், 'என்னுதைக் குடுடி'ன்னாங்க."

"அவ போயிட்டதை ஏன் இங்க சொல்லலை?"

"சொன்னா எனக்கு யாரும் இல்லைன்னு ஆயிடும்லங்க."

பொய் சொல்லாதே என்று கோயிலில் மறைக்கல்வி எடுத்தவளா நீ? மாலையில் வகுப்பு எடுத்தாய், படிப்பை விட்டவர்களைப் பரீட்சைக்கு அனுப்பினாய், அது எனக்குத் தெரியும். பாஸ் பண்ணினால் வேலை கிடைத்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். பேப்பரையும் பைபிளையும் வைத்து நானாகப் படித்துக்கொண்ட எனக்கு, சான்றிதழுக்கு அப்புறமும் "உனக்கு யார் இருக்கா?" என்று கேட்பார்கள் என்பது எப்படித் தெரியும்?

உள்ளே, போனில் பேசிய அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதான் அம்மாவா?"

சுகந்தி தரையைப் பார்த்து நின்றாள்.

"இவ அம்மா தவறிட்டாங்க. என் தங்கச்சி ரோசலிக்கு இன்னிக்கு முப்பதாம் நாள் பூசை, அங்கேர்ந்துதான் வர்றேன். நான் இவளுக்குப் பெரியம்மா."

இதில் எது பொய், நீயே சொல்.

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "ஏம்மா, இதுக்குக்கூட லீவு கேக்கத் தெரியாதா உனக்கு?" என்று அவளைத் திட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் அந்தப் பெண் என் தோளில் சாய்ந்து அழுத அழுகையில் என் ரவிக்கை நனைந்துவிட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் உன் போன் மறுபடியும் அடித்தது.

"விக்னேஷ் அம்மாங்களா?"

அடிப்பாவி! உனக்கு எத்தனை பிள்ளைகள்? கூடப்பிறந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கணக்குக் கேட்பேன் என்று பயந்தாயா? கேட்டிருப்பேன்தான். கேட்டுவிட்டு உன்கூடவே வந்தும் இருப்பேனே!

உன் எண்ணை நிறுத்த மாட்டேன். பூசை நடுவில் அடித்தாலும் எழுந்து போய் எடுப்பேன். விக்னேஷ் சாரம் ஏரியாவில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் சேர்ந்திருக்கிறானாம், வீட்டாள் வர வேண்டுமாம். நாளைக்குப் போகிறேன்.

உன் அக்கா தெரேஸ்,
உன் பிள்ளைகளுக்குப் பெரியம்மா