உயிரோடிருப்பவருக்கு ஒரு செத்தவீடு

அன்ரி,

உங்கள் அப்பார்ட்மென்றுக்குப் புதுப் பெயின்ற் அடிக்கிறார்கள். சுவரைத் தாண்டி அந்த மணம் என் கட்டில்வரை வருகிறது. அம்மா நித்திரை. போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். இதை உங்களிடம் மட்டும்தான் சொல்லலாம். நீங்கள் இனி யாரிடமும் சொல்ல மாட்டீர்கள்.

அம்மா வேலையால் வரும்வரை உங்கள் வீட்டில் இருந்த பின்னேரங்களில், ஸ்பெயினில் நீங்கள் பிறந்த இடத்தைப் பற்றிச் சொல்லுவீர்கள். பழைய கோட்டை மதிலுக்குள் ஒரு சின்ன ஊர், சுற்றிவர வாதுமைத் தோட்டக் கிராமங்கள். அங்கே உள்நாட்டுச் சண்டை முடிந்ததும் தோற்ற பக்கத்து ஆண்களை வீடுவீடாகத் தேடினார்கள். உங்கள் அம்மா, அப்பாவை அடுப்படிச் சுவருக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, அவர் செத்துவிட்டார் என்று தேவாலயத்தில் பூசை வைத்தார். கிராமங்களிலிருந்து உறவினர் ரொட்டியோடு நடந்து வந்து, உங்கள் வீட்டில் உட்கார்ந்து அழுதார்கள். நடுவில் சுவருக்குள் ஒரு தும்மல்.

"அதை மறைக்க அம்மா வைத்த ஒப்பாரியில் பாதிரியாரே பயந்துபோனார்" என்று சிரித்தீர்கள். பிறகு சிரிப்பு நின்றது. "சில வருஷம் கழித்து அவர் உண்மையாகவே செத்தபோது எங்களால் சத்தமாக அழ முடியவில்லை. அந்த அழுகையை ஊருக்கு முன்னால் ஏற்கனவே அழுதுவிட்டோமே."

நீங்கள் கண்ணை மூடியது பனிக்காலத்தில். இப்போது எங்கள் ஊர்ச் சண்டையும் முடிந்துவிட்டது. வகுப்பில் ரீச்சர், "நல்ல செய்திதானே?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, வன்னியிலிருந்து தப்பி எங்கோ ஒளிந்திருக்கிறார். அவரிடமிருந்து ஒரு தடவை போன் வந்தது. அன்றைக்கே அம்மா என் தோளைப் பிடித்து, "மாமா செத்திட்டார் எண்டு சொல்லு. உயிரோட இருக்கிறது தெரிஞ்சா தேடிப் பிடிச்சிடுவாங்கள். ஆரிட்டையும் மூச்சு விடாத" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் செத்தவீடு. மாமாவின் படத்துக்கு மாலை போட்டோம். அஜின்கோர்ட் பக்கமிருந்து பஸ்ஸில் வந்த எங்கள் சொந்தக்கார சாந்தி அக்கா என்னைக் கட்டிப்பிடித்தார்.

"அழு குஞ்சு, வாய்விட்டு அழு. கல்லு மாதிரி நிக்காத."

"முதல்ல தேத்தண்ணியைக் குடுங்கோ, பாவம் அது" என்றார் ஓர் அங்கிள். "எனக்கும் ஒண்டு. சீனி கூட."

அப்போதுதான் போன் அடித்தது. பக்கத்தில் நின்ற நான் எடுத்தேன்.

"பிள்ளை?"

மாமாவின் குரல்.

"ஆரது போனில?" என்றார் சாந்தி அக்கா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"றோங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. நிற்கவே இல்லை. சாந்தி அக்கா முதுகைத் தடவி, "அதுதான், அழு" என்றார்.

மாமா திரும்ப அழைக்கவில்லை. அது யாரென்று அம்மாவும் இதுவரை கேட்கவில்லை. ஆனால் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறார்.

அவர் கேட்டது ஒரேயொரு சொல். நான்தானா என்று கேட்டார், அன்ரி. ஓம் என்றுகூட நான் சொல்லவில்லை.