ஏற்றத்தில் நிற்காத எஞ்சின்

8 ஜூன் 1986, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. பருப்பும் கத்தரிக்காயும். சாப்பிட்டுவிட்டு, எதையும் பார்க்காமல், என் மகன் பெயரை எழுதினேன். பத்திநாதன். மருமகள் பெற்றீசியா கொப்பியை வாங்கிப் பார்த்தாள். "சரியா இருக்கு மாமா. ஆனா இந்த 'நா' எங்கயோ விழப்போற மாதிரி சாயுதே" என்றாள். சாயட்டும். அறுபத்தாறு வயதில் கைக்கு வந்த எழுத்து, நிற்பதே பெரிது.

ஒரு பக்கம் எழுத எனக்கு மாலை முழுவதும் வேண்டும். அதற்காக வருத்தமில்லை. மாலையை வேறு என்ன செய்வது?

15 ஜூன்

கந்தப்பளை ஏற்றத்தில் எங்கள் பிக்கப் வண்டி இன்றும் கொதித்து நின்றது. பத்திநாதன் நனைந்துகொண்டே தண்ணீர் ஊற்றி, மரக்கறி மூட்டைகளை நுவரெலியாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது சந்தை முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தவன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். மூட்டைகளை நினைத்து இல்லை. பெற்றீசியா மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள். நேற்றுதான் உறுதியாகச் சொன்னாள்.

முதல் பிள்ளை, பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது போனது. அதனால்தான் இந்தப் பழைய பிக்கப்பை வாங்கினான், விடிகாலைப் பெரட்டுக்குப் போய்த் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்வதையும் விட்டான். இரண்டாவது பிள்ளை அந்தப் பிக்கப்பிலேயே போனது. அதே ஏற்றத்தில், அவன் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றபோது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும், வலி வந்தால் உடனே வா என்று டொக்டர் சொல்லியிருந்தார். உடனே என்றால் எப்படி?

16 ஜூன்

நேற்று எழுதியதைப் பெற்றீசியா படித்துவிட்டாள். 'கந்தப்பளை'யில் நான் விட்டிருந்த புள்ளியை மட்டும் வைத்துக் கொடுத்தாள்.

அவள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஊரார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள். இரண்டாவது பிள்ளையை அடக்கம் செய்த மாதத்தில் ஒரு நாள், "வாங்க மாமா, அ-னா எழுதுவோம்" என்று கூப்பிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. எழுதினேன்.

6 ஜூலை

பிக்கப்புக்கு வேறு எஞ்சின் வந்துவிட்டது! எஞ்சின் என்று எழுத எனக்கு மிகவும் பிடிக்கிறது. அந்த 'ஞ்' வளைந்து வளைந்து போகிறது.

ராகலையில் கராஜ் வைத்திருக்கும் செல்லசாமிதான் தேடிப்பிடித்தார். கினிகத்தேனைப் பக்கம் பள்ளத்தில் விழுந்த ஜப்பான் கார் ஒன்றின் டீசல் எஞ்சின். அதில் டர்போ என்று ஒரு சாமான் நத்தை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"புகை வெளிய போறப்ப ஒரு விசிறியச் சுத்திட்டுப் போகும் பெரியவரே. அந்த விசிறி காத்தப் புடிச்சு உள்ள திணிக்கும். நம்ம மலையில காத்து மெலிசுதானே. இது ஊதி ஊதிக் குடுக்கும்."

"அடுப்பு ஊதுற மாதிரியா?"

"அதேதான். ஊதாங்குழல் வச்ச எஞ்சின்."

கார் எஞ்சின் இந்தக் கிழட்டுப் பிக்கப்பில் உட்காருமா என்று கேட்டேன். "உக்கார வைப்போம்" என்றார்.

பெற்றீசியா தூரத்தில் நின்று பார்த்தாள். "அந்தக் காருல யாரு இருந்தாங்க?" என்று கேட்டாள். செல்லசாமி ஒரு நட்டைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

20 ஜூலை

பழைய எஞ்சினை வெளியே எடுத்து, புதியதற்குக் கால் அறுத்து ஒட்டினார்கள். கியர்ப்பெட்டியும் காருடையதுதான். அதனால் பின்சில்லுக்குப் போகும் நீளத் தண்டு பொருந்தவில்லை. நுவரெலியாவில் கடைசல் பட்டறையில் கொடுத்துக் குறுக்கிக்கொண்டு வந்தார்கள். டீசல் எஞ்சின் பாரம் என்பதால் முன்பக்கம் பட்டை வில்லில் ஒரு பட்டை கூட்ட வேண்டும். பத்திநாதன் இரவில் வந்து கையை மண்ணெண்ணெயில் கழுவுகிறான். முகம் இருண்டிருக்கிறது. "எல்லாம் சரியா வருது" என்கிறான். சரியாக வருகிறவன் முகமா அது?

27 ஜூலை

எஞ்சினுக்கு மேலே வரும் மூடி மூடவில்லை.

28 ஜூலை

இன்றும் மூடவில்லை.

3 ஆகஸ்ட்

மூடியில் ஓட்டை வெட்டிவிட்டார்கள். அந்த ஓட்டை வழியாக எஞ்சின் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. பக்கத்துக் காம்பரா வீட்டுக் காளியாயி வந்து பார்த்து, "என்ன அண்ணே, ஒங்க வண்டிக்கு வயிறு தள்ளிருச்சு" என்று சிரித்தாள். பிறகு பெற்றீசியா நிற்பதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். பெற்றீசியா சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் சிரித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

24 ஆகஸ்ட்

எஞ்சின் பேசியது. பெட்ரோல் எஞ்சின் போல முனகாமல், தகரத்தில் கல் கொட்டுகிற மாதிரி சத்தம். பூசை வைக்கும் சாமியாரிடம் வாங்கிவந்த தீர்த்தத்தைப் பெற்றீசியா அதன் மேல் தெளித்தாள். செல்லசாமி தன் பங்குக்குத் தேங்காய் உடைத்து, நான்கு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். "யாராவது ஒருத்தரு கேக்காமலா போயிருவாங்க" என்றார்.

சாவியைக் கொடுக்கும்போது அவர் சொன்னது: "தம்பி, ஒண்ணே ஒண்ணு. ஏறி வந்த சூட்டோட வண்டிய நிப்பாட்டி டக்குனு அணைக்காதீங்க. கொஞ்ச நேரம் சும்மா ஓட விட்டு அணைங்க. அந்த விசிறி நெருப்பா கெடக்கும். எஞ்சின் ஓடுனாத்தான் அதுக்கு எண்ணெய் போகும்."

பத்திநாதன் தலையாட்டினான்.

31 ஆகஸ்ட்

என்னையும் ஏற்றிக்கொண்டு போனான். பின்னால் மரக்கறி, எல்லாம் கோவா மூட்டைகள். கந்தப்பளை ஏற்றம் வந்தது. நான் உள்ளுக்குள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். ஊதாங்குழல் ஊத ஆரம்பித்தது. வண்டி நிற்கவில்லை! நின்று தண்ணீர் ஊற்றிய அந்த வளைவு வந்தது, போனது. நாங்கள் இருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

உச்சிக்கு வந்ததும் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான். மலையில் வண்டி ஓட்டுகிற எல்லாரும் செய்வதுதான். டீசல் மிச்சம். இறக்கத்தில் சில்லுச் சத்தம் மட்டும் கேட்கும்.

"செல்லசாமி அணைக்காதன்னாரேப்பா?" என்றேன்.

"அது நிப்பாட்டுறப்பப்பா. இப்ப வண்டி ஓடிக்கிட்டுதானே இருக்கு? பாவம், இவ்வளவு ஏறியிருக்கு. இறக்கத்துலயாவது ஓய்வு எடுக்கட்டும்."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. குழந்தையைத் தூங்க வைத்தவன் போல ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தான். சந்தையில் நிறுத்தியபோது செல்லசாமி சொன்னபடியே கொஞ்ச நேரம் ஓடவிட்டுத்தான் அணைத்தான்.

28 செப்டெம்பர்

மழை. எழுத ஒன்றுமில்லை. ஆனாலும் எழுதுகிறேன். மழை, மலை. இரண்டு எழுத்தும் அழகு.

பெற்றீசியாவுக்குக் கால் வீங்குகிறது. டிசெம்பர் கடைசியில்தான் நாள். இரண்டு வாரம் முன்னதாகவே வந்து படுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் டொக்டர். முதல் இரண்டும் முந்திக்கொண்டு வந்தவை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

19 ஒக்டோபர்

பிக்கப்பின் பின்னால் நீலப்புகை. முதலில் பனி என்றுதான் நினைத்தேன். ஊதாங்குழல் இப்போது ஊதாமல் விசிலடிக்கிறது. பத்திநாதன் ஒவ்வொரு இறக்கத்திலும் அதற்கு இன்னும் அதிகமாக ஓய்வு கொடுக்கிறான். புகை இன்னும் கூடுகிறது. என்னவென்று விளங்கவில்லை.

16 நவம்பர்

செல்லசாமி குழாயைக் கழற்றி விரலை விட்டு அந்த விசிறியை ஆட்டிப் பார்த்தார். கிழவன் பல் போல ஆடியது. உள்ளே எல்லாம் கரி.

"தம்பி, சூட்டோட அணைச்சீங்களா?"

"சத்தியமா இல்லண்ணே. நிப்பாட்டுறப்ப எல்லாம் ஓட விட்டுத்தான் அணைச்சேன். உச்சியிலதான்... இறக்கத்துல ஓய்வு எடுக்கட்டும்னு..."

செல்லசாமி கரி ஒட்டிய விரலைத் துணியில் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஓய்வு எடுக்கலப்பா அது. எண்ணெய் இல்லாம வெந்துக்கிட்டு இருந்திருக்கு. ஒவ்வொரு உச்சியிலயும்."

பத்திநாதன் கராஜ் சுவரில் சாய்ந்துகொண்டான். நானும் சரி என்றுதானே உட்கார்ந்திருந்தேன்.

டர்போ இப்போது எஞ்சின் எண்ணெயைக் கசியவிடுகிறது, எஞ்சின் அதைக் குடிக்கிறது என்றார். குடித்துப் பழகினால் ஒரு நாள் டீசலே இல்லாமல் அந்த எண்ணெயிலேயே வெறிபிடித்து ஓடும், சாவியை எடுத்தாலும் நிற்காது, கடைசியில் வெடித்துத்தான் நிற்கும். சனிக்கிழமை கொழும்புக்குப் போய் வேறு டர்போ தேடிவருவதாகச் சொன்னார். அதுவரை வண்டியைத் தொடக்கூடாது.

22 நவம்பர், சனி

எழுத்து எப்படி வந்தாலும் வரட்டும்.

காலையில் பெற்றீசியாவுக்கு வலி வந்துவிட்டது. ஒரு மாதம் இருக்கிறதே! தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டிகளோடு போய்விட்டது. பஸ் அப்போதுதான் போனது. செல்லசாமி கொழும்பில். பத்திநாதன் முற்றத்தில் நிற்கும் பிக்கப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். தொட மாட்டேன் என்று அவன் கை சொன்னது. பெற்றீசியா தானே நடந்துபோய் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

காளியாயி அவள் பக்கத்தில். நான் பின்னால், மழையில், கம்பியைப் பிடித்துக்கொண்டு.

ஏற்றம் பாதிதான் வந்திருப்போம். சத்தம் மாறிவிட்டது. சத்தமா அது? அலறல். பத்திநாதன் வேகம் கொடுக்கும் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டான், எடுத்தும் அது கூடிக்கொண்டே போனது. பின்னாலே ரோடே தெரியல, வெள்ளைப் புகை, மூச்சு முட்டுது. சாவியை உருவிட்டான். உருவியும் ஓடுது. காளியாயி மாரியம்மனைக் கூப்பிடுறா. நான் அந்தோனியாரைக் கூப்பிடுறேன்.

"நிப்பாட்டுறேன், பிரேக்கப் போட்டு நிப்பாட்டுறேன், வெடிச்சிரும்" என்று கத்தினான் பத்திநாதன்.

அப்போது பெற்றீசியாவின் குரல் கேட்டது. அந்த அலறலுக்கு மேலே. "நிப்பாட்டாதீங்க! நிக்கலன்னா நல்லதுதானே, போகட்டும் விடுங்க!"

விட்டான். ஏற்றம் இருக்கிறவரை அதன் பாரமே எஞ்சினைக் கட்டிப்போடும் என்று, பெரிய கியரில் போட்டு, பிரேக்கிலும் காலை வைத்துக்கொண்டு ஏற்றினான். அந்த வளைவு வந்ததா போனதா, எனக்குத் தெரியாது. புகை.

கந்தப்பளைக்கு ஏறியதும் உள்ளே ஏதோ உடைந்தது. ஒரே ஒரு இடி. பிறகு மழைச் சத்தம்தான். வண்டி அந்த வேகத்தில் இறக்கத்தில் உருண்டு போய், சமதரையில் நின்றுவிட்டது. எதிரே வந்த சிங்கள லொறிக்காரர் ஒருவர் புகையைப் பார்த்து, தீப்பிடித்துவிட்டது என்று வாளியோடு ஓடிவந்தார். பெற்றீசியாவைப் பார்த்ததும் வாளியைப் போட்டுவிட்டு, மூட்டைகளை ரோட்டோரம் இறக்கிவிட்டு, லொறியைத் திருப்பினார். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

நுவரெலியா ஆஸ்பத்திரிக் கதவுக்கு உள்ளே பெற்றீசியாவைக் கொண்டுபோனார்கள். உயிர் இருக்கிறது, இரண்டுக்கும் இப்போது இருக்கிறது என்றாள் தாதி. 'இப்போது' என்ற சொல்லை ஏன் சொன்னாள்?

பத்திநாதன் அங்கேயே இருக்கிறான். என்னையும் காளியாயியையும் பஸ்ஸில் அனுப்பிவிட்டான். வழியில் ரோடெல்லாம் கறுப்பு எண்ணெய்க் கோடு. மழையிலும் போகவில்லை.

23 நவம்பர்

செய்தி இல்லை.

24 நவம்பர்

செய்தி இல்லை. எழுதுவதால் என்ன வந்துவிடும் என்று இன்று தோன்றியது. ஆனாலும் எழுதினேன். எழுதாமல் இருந்தால் இந்தக் காம்பராவில் வேறு சத்தமே இல்லை.

14 டிசெம்பர்

செல்லசாமி எஞ்சினைப் பிரித்தார். ஒரு தண்டு பக்கச்சுவரைக் குத்திக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. ஆகாது என்றார். பழைய பெட்ரோல் எஞ்சினையும் இரும்புக்குக் கொடுத்தாகிவிட்டது. பிக்கப் இப்போது எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் கல்லின் மேல் இருக்கிறது. பத்திநாதன் அந்தப் பக்கமாகத் தண்ணீர் எடுக்கவும் போவதில்லை. சுற்றுவழியாகப் போகிறான்.

20 ஜனவரி 1987

பத்திநாதன் இன்று பெரட்டுக்குப் போனான். ஆறு வருடத்துக்குப் பிறகு. தலைக்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு, விடிவதற்குள், யாரும் பார்க்காத மாதிரி போனான். எல்லாரும் பார்த்தார்கள். உரம் போடும் வேலை கொடுத்திருக்கிறார்கள். "போகப் போகப் பழகிரும்ப்பா" என்றான். பழகும். எனக்குத் தெரியாதா?

பெற்றீசியா வெளியே துணி துவைக்கிறாள். இன்னும் குனிய முடியவில்லை, தையல் இழுக்கிறதாம். இனிமேல் பிள்ளை கூடாது என்று டொக்டர் சொன்னதை அவள் இரண்டு வாரம் கழித்துத்தான் எங்களிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, "இது ஒண்ணு போதும் மாமா" என்றாள்.

எனக்குக் கொடுத்திருக்கும் வேலை, ஒரு கையால் தொட்டிலை ஆட்டுவது. மற்றக் கையால் எழுதுகிறேன், அதனால்தான் வரி இப்படிக் கோணலாகப் போகிறது. சிசிலி என்று பெயர் வைத்திருக்கிறோம். எழுதிப் பார்த்தேன், மூன்றே எழுத்து, மூன்றுக்கும் மேலே கொக்கி. மிகவும் சின்னவள். அழுதால் மட்டும் கடைசிக் காம்பரா வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தம் தொடங்கினால் நிறுத்த

விழித்துவிட்டாள். போகிறேன்.